30,000 ரூபாய்க்குள் இடக்கை எலக்ட்ரோ-அக்கூஸ்டிக் கிதார்: எதைப் பார்த்து வாங்குவது?

குமரிமுனை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் வசிக்கிறேன். சிறு வயதிலிருந்தே இடது கைப் பழக்கம் உள்ளவன். ஆறு ஆண்டுகளாக எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் ஞாயிறுதோறும் கிதார் வாசித்து வருகிறேன். என்னிடம் இருப்பது வலக்கைக்காரர்களுக்காகச் செய்யப்பட்ட சாதாரண அக்கூஸ்டிக் கிதார். இடக்கைக் கிதார் என்று தனியாக ஒன்று விற்கிறது என்பதே தெரியாத காலத்தில் வாங்கியது அது. தந்திகளைக் கழற்றி, தடித்தது இருந்த இடத்தில் மெல்லியதும் மெல்லியது இருந்த இடத்தில் தடித்ததுமாக மாற்றிப் பூட்டி, அப்படியே பழகிக்கொண்டேன். கழுத்தின் தலைப்பக்க முனையில் தந்திகளைத் தாங்கும் நட்டில் இப்போது மெல்லிய ஈ தந்தி உட்காரும் பள்ளம் தடித்த தந்திக்காக அறுக்கப்பட்டது என்பதால், தந்தி அதற்குள் ஆடி இரைகிறது. நாட்காட்டித் தாளைச் சிறிதாக மடித்து அந்தப் பள்ளத்தில் செருகி வைத்திருக்கிறேன். மாதத்துக்கு ஒரு முறையாவது தாளை மாற்ற வேண்டியிருக்கிறது. கழுத்தின் மேல்விளிம்பில் இருக்க வேண்டிய அடையாளப் புள்ளிகள் எனக்குக் கீழ்ப்பக்கம் போய்விட்டதால், என் தங்கை நகப்பூச்சால் மேலே புள்ளி வைத்துக் கொடுத்திருக்கிறாள்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்கிறேன். பொறுக்க முடியாதது சுருதிதான். திறந்த தந்திகளை டியூனரில் வைத்துச் சேர்த்துவிட்டு முதல் மூன்று ஃபிரெட்டுக்குள் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) வாசித்தால் ஒழுங்காகவே கேட்கிறது. ஐந்தாம் ஃபிரெட்டைத் தாண்டினால் தடித்த தந்திகள் ஏறியும் மெல்லிய தந்திகள் இறங்கியும் ஒலிக்கின்றன. கீபோர்டு வாசிப்பவர் ஒரு நாள் ஆராதனை முடிந்த பிறகு என்னைத் தனியே அழைத்து, மேலே போக வேண்டாம், கீழேயே வாசியுங்கள் என்று அன்பாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து, எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்திச் சுருதியை ஏற்றும் கேப்போ பிடிப்பானைக்கூட இரண்டாம் ஃபிரெட்டுக்கு மேல் போடுவதில்லை.

இப்போது சீட்டுப் பணம் 30,000 ரூபாய் கைக்கு வந்திருக்கிறது. உறை, பெல்ட், கேபிள் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். கிதாருக்கு முன்னால் மைக் வைத்து வாசிப்பதால் அசைய முடியவில்லை, பக்கத்தில் நிற்பவர் குரலும் அதிலேயே விழுகிறது. ஆகவே நேரே மிக்ஸரில் செருகக்கூடிய எலக்ட்ரோ-அக்கூஸ்டிக்தான் வேண்டும். இங்கே ஒரு கடையில் கேட்டபோது, வலக்கை எலக்ட்ரோ-அக்கூஸ்டிக் ஒன்றை எடுத்துக்கொண்டால் தந்தியை மாற்றி இடக்கைக்கு ஆக்கித் தருவதாகவும், உண்மையான இடக்கைக் கிதார் வேண்டுமென்றால் முழுப் பணத்தையும் முன்பணமாகக் கட்டி, வந்த பிறகுதான் பார்க்க முடியும் என்றும் சொல்கிறார்கள். மாற்றித் தரும் கிதாரை வாங்கினால் மறுபடியும் இதே சுருதிச் சிக்கல் வருமா? வரும் என்றால், இந்தப் பணத்தில் எதைத் தேட வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மரத்தூள் (கோயம்புத்தூர்) பதில்:

வணக்கம் நண்பரே. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிதார் பழுது பார்ப்பதே என் தொழில். உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: அதே சிக்கல் வரும். ஏன் வரும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் தெரிந்துவிட்டால் எந்தக் கடையிலும் நீங்களே பார்த்து முடிவெடுத்துக்கொள்ளலாம்.

தந்தியை ஃபிரெட்டில் அழுத்தும்போது அது சற்றே இழுபடுகிறது. இழுபடுவதால் சுருதி ஏறுகிறது. தடித்த தந்தியில் இந்த ஏற்றம் அதிகம், மெல்லியதில் குறைவு. இதை ஈடுகட்டத்தான் மேற்பலகையில் ஒட்டிய பிரிட்ஜ் என்ற மரக்கட்டையில், தந்திகளைத் தாங்கும் சேடில் என்ற மெல்லிய பட்டையைச் சாய்வாகப் பதிக்கிறார்கள். உங்கள் கிதாரை எதிரே நிமிர்த்தி வைத்து உற்றுப் பாருங்கள்: சேடிலின் ஒரு முனை ஒலித்துளைக்குச் சற்று அருகிலும் மறு முனை சற்றுத் தள்ளியும் இருக்கும். இரண்டு முனைகளுக்கும் இடையே ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வேறுபாடு இருக்கும். தள்ளி இருக்கும் முனை தடித்த தந்திக்கானது. அதன் நீளத்தைக் கூட்டி, அழுத்தும்போது ஏறும் சுருதியைக் கீழே இழுத்து வைக்கிறது. நீங்கள் தந்திகளை மாற்றிப் பூட்டியபோது, நீளம் கூட வேண்டிய தடித்த தந்தி குட்டையான பக்கத்துக்கும், குறைய வேண்டிய மெல்லியது நெட்டையான பக்கத்துக்கும் போய்விட்டன. தடித்தது ஏறுகிறது, மெல்லியது இறங்குகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது இதைத்தான். உங்கள் காதில் குறையே இல்லை, கையிலும் இல்லை.

ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வலக்கை ஸ்ட்ராட்டோகாஸ்டரைத் திருப்பித்தானே வாசித்தார் என்று கடைக்காரர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுச் சொல்வார்கள். அது எலக்ட்ரிக் கிதார். அதில் ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனிச் சேடில் உண்டு. திருகைத் திருப்பி முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்ளலாம். அக்கூஸ்டிக்கில் சேடில், பிரிட்ஜ் மரத்தில் வெட்டிய பள்ளத்துக்குள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. அதை மாற்ற வேண்டுமென்றால் பழைய பள்ளத்தை அதே வகை மரத்தால் அடைத்து, எதிர்ச்சாய்வில் புதுப் பள்ளம் வெட்ட வேண்டும். எலக்ட்ரோ-அக்கூஸ்டிக் என்றால் சேடிலுக்கு அடியில் நாடா போலப் படுத்திருந்து தந்தியின் அதிர்வை மின்னலையாக்கும் பீசோ பிக்கப்பின் ஒயர் இறங்குவதற்கும் புதிதாகத் துளையிட வேண்டும். புது நட்டும் செய்ய வேண்டும். நான் இந்த வேலையைச் செய்து கொடுத்திருக்கிறேன். நல்ல, பழைய, மனத்துக்கு நெருக்கமான கிதாராக இருந்தால் செய்யலாம். புதிதாக வாங்கும் நடுத்தர விலைக் கிதாரை வாங்கிய மறுநாளே அறுத்து ஒட்டுவதில் பொருளே இல்லை.

எலக்ட்ரோ-அக்கூஸ்டிக்கில் இன்னும் இரண்டு இடையூறுகள் சேர்ந்துகொள்ளும். வாசிப்பவரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, பிக்கப்பின் மின்னலையைப் பெருக்கும் ப்ரீஆம்ப் பெட்டியை உடலின் மேல்பக்கத்தில் வைக்கிறார்கள். திருப்பிப் பிடித்தால் அது தொடையில் உரசிக்கொண்டு தரையைப் பார்க்கும், பாட்டு நடுவே ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ விரல் போகாது. மேல் ஃபிரெட்டுகளுக்குக் கை எட்டுவதற்காக உடலில் வெட்டிய கட்டவே என்ற வளைவு மேல்பக்கம் வந்து நிற்கும், எதற்கும் பயன்படாது. மேற்பலகைக்கு உள்ளே எக்ஸ் வடிவில் ஒட்டியிருக்கும் தாங்கிச் சட்டங்களும் இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதில்லை; உண்மையான இடக்கைக் கிதாரில் அவற்றையும் கண்ணாடிப் பிம்பம் போல மாற்றி அமைப்பார்கள். ஆனால் தாங்கி மாறியதால் வரும் ஒலி வேறுபாட்டைக் காதால் பிரித்துச் சொல்வது எளிதல்ல என்பதே என் அனுபவம். சேடில் தவறினால் எவருக்கும் தெரிந்துவிடும்.

எனவே என் கருத்து இது: உங்கள் பணம் முதலில் உண்மையான இடக்கை உடலுக்கும் ஒழுங்கான கழுத்துக்கும் போக வேண்டும். மின் கருவிகளைப் பிறகுகூடச் சேர்த்துக்கொள்ளலாம். மரத்தையும் சேடிலையும் பிறகு சேர்க்க முடியாது. யமஹாவின் எஃப்ஜி820எல் என்ற மாதிரியைப் பாருங்கள். ஒட்டுப்பலகையாக இல்லாமல் முழு மரமாக இருக்கும் ஒற்றைப் பலகை ஸ்ப்ரூஸ் மேற்பலகை கொண்டது, பிக்கப் இல்லாதது, முழுமையான இடக்கை வடிவம். கடைசியில் வரும் எல் என்ற எழுத்துத்தான் இடக்கையைக் குறிக்கிறது. அதே நிறுவனத்தில் எல்எல், எல்எஸ் என்று எல்லில் தொடங்கும் வரிசையும் உண்டு. முன்னால் வரும் அந்த எல்லுக்கும் இடக்கைக்கும் தொடர்பில்லை, குழம்ப வேண்டாம். எஃப்ஜி820எல் வாங்கி, ஒலித்துளையில் மாட்டும் காந்தப் பிக்கப் ஒன்றைச் சேர்த்தால் உங்கள் தேவை நிறைவேறும்.

ஆறுதந்தி (சென்னை) பதில்:

தம்பி, நானும் இடக்கைக்காரிதான். பதினோரு ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கிதார் கற்றுக் கொடுக்கிறேன். மரத்தூள் அண்ணன் சேடிலைப் பற்றி எழுதியிருப்பது முழுவதும் உண்மை. ஆனால் பிக்கப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற இடத்தில் எனக்கு வேறு கருத்து இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு நேரக்கூடாது என்பதற்காக. சில ஆண்டுகளுக்கு முன் இணையத்தில் இடக்கை எலக்ட்ரோ-அக்கூஸ்டிக் என்று தலைப்பிட்டு விற்ற ஒன்றைப் படத்தைப் பார்த்து வாங்கினேன். வந்த பெட்டியைப் பிரித்தபோது தந்திகள் இடக்கை வரிசையில்தான் இருந்தன, கட்டவே கூட இல்லாத வட்டமான உடல் என்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் எந்தப் பிழையும் தெரியவில்லை. இரண்டு நாள் வாசித்த பிறகுதான் ஏதோ ஒட்டவில்லை என்று தோன்றி, சேடிலின் சாய்வைப் பார்த்தேன். வலக்கைக் கிதாரில் தந்தியை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தார்கள். திருப்பி அனுப்பும் காலக்கெடு கடந்துவிட்டது என்று கையை விரித்துவிட்டார்கள். அந்த ஏமாற்றம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

அதனால் எந்த இடக்கைக் கிதாரைப் பார்த்தாலும் இப்படிச் சோதித்துக்கொள்ளுங்கள். தலைப்பகுதி மேலே இருக்கும்படி கிதாரை உங்கள் முகத்துக்கு எதிரே நிமிர்த்திப் பிடியுங்கள். தடித்த தந்தி உங்கள் வலப்பக்கம் இருக்க வேண்டும். சேடிலின் வலது முனை இடது முனையைவிடக் கீழே, அதாவது ஒலித்துளையை விட்டு இன்னும் தள்ளி, இறங்கியிருக்க வேண்டும். கட்டவே இருந்தால் இடப்பக்கம் இருக்க வேண்டும். ப்ரீஆம்ப் வலப்பக்கத்து இடுப்பில் இருக்க வேண்டும். கழுத்தின் வலது விளிம்பில் சிறு புள்ளிகள் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று மாறியிருந்தாலும் கேள்வி கேளுங்கள். சேடில் மட்டும் மாறியிருந்தால் கேள்விகூட வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு பன்னிரண்டாம் ஃபிரெட்டின் மேல் விரலை லேசாக வைத்து ஆர்மானிக் ஒலியை எழுப்பிக் கேட்டு, அதே இடத்தில் தந்தியை அழுத்தி வாசித்து டியூனரில் இரண்டையும் ஒப்பிடுங்கள். ஆறு தந்திகளிலும் முள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றால் சுருதி சரி. இணையத்தில் வாங்கினால் பெட்டியைப் பிரிக்கும்போதே கைப்பேசியில் காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனையை அன்றைக்கே செய்துவிடுங்கள்.

வலக்கையிலேயே கற்றுக்கொண்டிருக்கலாமே என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். என் வீட்டிலும் சொன்னார்கள். நம் ஊரில் இடது கையால் எதைச் செய்தாலும் சொல்வதற்கு ஓர் ஆள் இருப்பார். பிரிட்டிஷ் கிதார் கலைஞர் மார்க் நாப்ஃளர் இடக்கைக்காரராக இருந்தும் வலக்கையில் வாசிப்பவர். எலிசபெத் காட்டன் என்ற அமெரிக்க அம்மையார் வலக்கைக் கிதாரைத் தந்திகூட மாற்றாமல் அப்படியே திருப்பிப் பிடித்து, தடித்த தந்திகளை விரலாலும் மெல்லியவற்றைக் கட்டைவிரலாலும் மீட்டித் தமக்கென்று ஒரு பாணியையே உருவாக்கினார். புதிதாகத் தொடங்கும் குழந்தைக்கு நான் இரண்டு வகையிலும் பிடித்துக் காட்டி, எது அதன் கைக்கு இயல்பாக வருகிறதோ அதையே சொல்லிக் கொடுப்பேன். ஆறு ஆண்டுகள் இடக்கையில் வாசித்துவிட்ட உங்களுக்கு அந்தக் கேள்வி முடிந்துபோன ஒன்று. அதற்காக யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை தம்பி.

இப்போது அண்ணனோடு நான் வேறுபடும் இடம். நீங்கள் வாரந்தோறும் தவறாமல் ஒலிபெருக்கியில் வாசிக்கிறவர். பிக்கப் உங்களுக்கு ஆடம்பரம் அல்ல, அடிப்படைத் தேவை. தொழிற்சாலையிலேயே பிக்கப் பொருத்தி, கட்டவே வெட்டி, உண்மையான இடக்கை உடலில் வரும் கிதார் உங்கள் பணத்துக்குள் கிடைக்குமானால் அதை விட்டுவிட்டு வேறு வழி தேடுவானேன்? ஃபெண்டரின் சிடி-60எஸ்சிஇ இடக்கை மாதிரியைக் கேட்டுப் பாருங்கள். அந்தப் பெயரில் உள்ள எஸ் ஒற்றைப் பலகை மேற்பலகையையும், சி கட்டவேயையும், இ மின் இணைப்பையும் குறிக்கின்றன. இறுதியில் எல்எச் என்று இருந்தால் இடக்கை. ஃபிஷ்மேன் ப்ரீஆம்ப்பும் அதிலேயே டியூனரும் உண்டு. என் மாணவி ஒருத்தியிடம் இருப்பதால் பலமுறை வாசித்திருக்கிறேன். ஃபிங்கர்போர்டின் விளிம்புகளை உருட்டி வழவழப்பாக்கியிருப்பதால் நீண்ட நேரம் பிடித்தாலும் உள்ளங்கை உறுத்துவதில்லை. ஐபனேஸ், கார்ட் நிறுவனங்களும் இடக்கையில் எலக்ட்ரோ-அக்கூஸ்டிக் செய்கின்றன. விலையும் இருப்பும் மாதத்துக்கு மாதம் மாறுவதால் நான்கைந்து இடங்களில் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். சென்னைக்கு வர முடிந்தால் அண்ணா சாலையில் 1842 முதல் இருந்துவரும் மியூசி மியூசிக்கல் உள்ளிட்ட பெரிய கடைகளில் முன்கூட்டியே சொல்லி வைத்து, கையில் எடுத்து வாசித்துப் பார்த்தே வாங்குங்கள். ஓர் இரவு இரயில் பயணம், பார்க்காமல் முன்பணம் கட்டுவதைவிட மேலானது.

குமரிமுனை:

மரத்தூள் ஐயாவுக்கும் ஆறுதந்தி அக்காவுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஆறு ஆண்டுகளாக என் காதுதான் பழுது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஐயா எழுதியதைப் படித்ததும் சேடிலைப் பார்த்தேன். அளவுகோலை வைத்து அளந்தபோது மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருந்தது, சாய்வு எனக்கு நேர் எதிர்த் திசையில்.

இரண்டு கேள்விகள் மீதமிருக்கின்றன. எங்கள் மிக்ஸர் மேடையிலிருந்து கோயிலின் பின்கோடியில் இருக்கிறது, ஒயர் நீளம் 25 மீட்டராவது வரும். பிறகு சேர்க்கும் காந்தப் பிக்கப்புக்கும் தொழிற்சாலையில் வரும் பீசோவுக்கும் அவ்வளவு தூரத்தில் வேறுபாடு இருக்குமா? இரண்டாவது, நாங்கள் கடற்கரைக்கு மூன்று கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறோம். ஒற்றைப் பலகை மேற்பலகை உப்புக் காற்றில் வீணாகிவிடும், ஒட்டுப்பலகையே வாங்குங்கள் என்று ஒருவர் சொன்னார். அது சரியா?

மேடைஒலி (திருச்சி) பதில்:

வணக்கம். ஒலி அமைப்பு என் தொழில் என்பதால் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

25 மீட்டர் தூரத்துக்குக் கிதார் கேபிளை நேராக இழுக்காதீர்கள், எந்தப் பிக்கப்பாக இருந்தாலும் சரி. கிதாரிலிருந்து வரும் சாதாரணக் கால் அங்குல கேபிள் 5, 6 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அதைக் காலடியில் வைக்கும் டிஐ பெட்டியில் (கிதாரின் மின்னலையை நீண்ட கேபிளுக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) செருகி, அங்கிருந்து மைக்குக்குப் பயன்படும் மூன்று ஊசிக் கேபிளில் மிக்ஸருக்குக் கொண்டுபோங்கள். அது சமநிலைக் கேபிள் என்பதால் 25 மீட்டரில் இரைச்சல் ஏறாது. கோயிலில் டிஐ பெட்டி இல்லையென்றால் கிதாருக்கு ஒதுக்கிய பணத்திலிருந்தே ஒரு பங்கை எடுத்து அதை வாங்குங்கள். விலையுயர்ந்த பிக்கப்பும் மோசமான ஒயரும் சேர்ந்தால் கேட்பவர் காதுக்குப் போவது ஒயரின் ஒலிதான். இதை நூறு மேடைகளில் பார்த்துவிட்டேன்.

பீசோ பிக்கப்பின் வெளியீட்டு மின்தடை மிக அதிகம். உள்ளே ப்ரீஆம்ப் இருந்தால் கவலையில்லை. ப்ரீஆம்ப் இல்லாமல் ஒட்டும் வகைப் பீசோவை வாங்கி மிக்ஸரின் லைன் துளையில் நேரே செருகினால் ஒலி தகரம் போல மெலிந்துவிடும். காந்தப் பிக்கப்புக்கு இந்தத் தொல்லை குறைவு, ஒலிபெருக்கியின் ஒலி திரும்பக் கிதாரில் புகுந்து ஊளையிடுவதும் குறைவு. ஆனால் மரத்தின் ஒலி அதில் குறைந்து, எலக்ட்ரிக் கிதாரின் சாயல் தட்டும். பின்னல் இல்லாத மெல்லிய இரண்டு தந்திகள் மற்றவற்றைவிடத் தூக்கலாகக் கேட்கலாம். இடக்கைக்கு மாட்டும்போது அந்தப் பிக்கப்பை முனை மாற்றித் திருப்பி மாட்ட வேண்டும், ஏனென்றால் சிலவற்றில் ஒவ்வொரு தந்திக்கும் காந்தத்தின் உயரம் வேறு வேறாக இருக்கும்.

பீசோ எடுத்தால் கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். ஆம்ப்ளிஃபையரில் செருகி, ஆறு தந்திகளையும் ஒரே வேகத்தில் தனித்தனியாக மீட்டுங்கள். ஏதேனும் ஒன்று அமுங்கிக் கேட்டால் சேடிலின் அடிப்பாகம் பீசோவின் மேல் சமமாக உட்காரவில்லை என்று பொருள். சரிசெய்யக்கூடியதுதான், ஆனால் வாங்கும் முன் அவர்களே சரிசெய்து தரட்டும். ஊளைச் சத்தம் வந்தால் முதலில் மானிட்டர் ஒலிபெருக்கி ஒலித்துளைக்கு நேராக இல்லாமல் திருப்பி வையுங்கள், ஒலித்துளையை ரப்பர் மூடியால் அடையுங்கள், பிறகு மிக்ஸரில் 100 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைச் சற்றுக் குறையுங்கள். பெரிய உடல் கொண்ட கிதார்கள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் ஊளையிடும். இன்னொன்று, இந்தக் கிதார்களில் கேபிளைச் செருகியதுமே ப்ரீஆம்ப் இயங்கத் தொடங்கிவிடும். ஆராதனை முடிந்ததும் கேபிளைப் பிடுங்காவிட்டால் அடுத்த ஞாயிறு 9 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கும்.

மரத்தூள்:

இரண்டாம் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். ஒட்டுப்பலகை ஈரத்தைக் கூடுதலாகத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் கடற்கரை ஊர்களிலிருந்து என்னிடம் வந்த கிதார்களில் பெரும்பாலானவை கெட்டது மரத்தின் வகையால் அல்ல, வைத்த இடத்தால். தந்திகளின் இழுவிசை எல்லாம் சேர்ந்தால் ஏறத்தாழ 70 கிலோ. அந்தச் சுமையைத் தாங்கிக்கொண்டு நிற்கும் பலகை ஈரத்தில் ஊதும்போது வயிறு தள்ளி, தந்தியின் உயரம் கூடுகிறது. வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் பசை இளகிப் பிரிட்ஜே பெயர்ந்துவிடும். உள்ளே ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு இருந்தால் மரத்துக்கு நிம்மதி. உங்கள் ஊரில் மழைக்காலத்தில் அதைவிட நிறைய ஏறும். ஆகவே வாசிக்காத நேரத்தில் கிதாரைச் சுவரில் மாட்டாமல் உறைக்குள்ளேயே வையுங்கள், உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சிலவற்றைப் போட்டு, அவை ஈரம் உறிஞ்சித் தீர்ந்ததும் மாற்றுங்கள். இதைச் செய்தால் ஒற்றைப் பலகையை அஞ்சாமல் வாங்கலாம். ஆண்டுகள் போகப் போக அதன் ஒலி திறந்துகொள்வதை நீங்களே கேட்பீர்கள். துருப்பிடிப்பது தந்திதான். வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் தந்தியின் மேலும் அடியிலும் துடைத்துவிடுங்கள்.

ஆறுதந்தி அம்மா சொன்னதைப் பற்றி: வாரந்தோறும் மேடையில் வாசிப்பவருக்குத் தொழிற்சாலைப் பிக்கப்பே வசதி என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் தயக்கம் ஒன்றுதான். ப்ரீஆம்ப் பெட்டிக்காகக் கிதாரின் விலாவில் ஒரு கைப்பேசி அளவுக்குப் பலகையை வெட்டி எடுக்கிறார்கள். பத்து ஆண்டுகள் கழித்து அந்த ப்ரீஆம்ப் பழுதாகி, அதே அளவில் மாற்றுப் பெட்டி கிடைக்காமல் போனால், விலாவில் ஓட்டையோடு கிதார் என் மேசைக்கு வரும். அப்படி வந்தவை பல. ஆனாலும் அது பத்து ஆண்டுக்குப் பிறகு வரும் கவலை. உங்கள் கவலை இந்த ஞாயிற்றுக்கிழமை. இரண்டையும் கையில் எடுத்துப் பாருங்கள். எதை வாங்கினாலும் 30,000 முழுவதையும் கிதாருக்கே கொட்டிவிடாமல், நட், சேடில் உயரங்களைச் சரிசெய்யும் செட்டப்புக்கு என்று ஒரு தொகையை எடுத்து வையுங்கள். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் தடித்த தந்தி ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர், மெல்லியது இரண்டுக்குச் சற்றுக் குறைவு என்று வந்தால் விரல் வலிக்காது.

குமரிமுனை:

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். சென்னையில் ஐந்து கடைகளுக்குத் தொலைபேசியில் பேசி, இரண்டு கடைகளில் இடக்கைக் கிதார் இருக்கிறது என்று உறுதியான பிறகு இரயில் ஏறினேன். யமஹாவையும் ஃபெண்டரையும் ஒரே நாளில் வாசித்துப் பார்க்க முடிந்தது.

பிக்கப் இல்லாமல் வெறும் ஒலியாகக் கேட்டால் எனக்கு யமஹாவே பிடித்திருந்தது. ஸ்டிரம் செய்யும்போது அடிச்சுருதி நெஞ்சில் வந்து முட்டியது. அரை மணி நேரம் அதைக் கீழே வைக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். ஆனால் நல்ல காந்தப் பிக்கப்பும் டிஐ பெட்டியும் சேர்த்துக் கணக்குப் போட்டபோது தொகை என் எல்லையைத் தாண்டியது. ஃபெண்டரை எடுத்துக்கொண்டேன். அக்கா சொன்னபடி எதிரே நிமிர்த்திப் பிடித்து, சேடிலின் வலது முனை கீழே இறங்கியிருப்பதைப் பார்த்தேன், பன்னிரண்டாம் ஃபிரெட்டில் ஆறு தந்திகளையும் டியூனரில் ஒப்பிட்டேன். மேடைஒலி அண்ணன் சொன்ன சோதனையில் மூன்றாம் தந்தி அமுங்கிக் கேட்டது. கடையில் இருந்த பெரியவர் சேடிலைக் கழற்றி, கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்து, அதில் அடிப்பாகத்தை நான்கு இழுப்பு இழுத்துத் திரும்ப வைத்தார். ஆறும் ஒன்றாக ஒலித்தன. செட்டப்புக்குத் தனியே பணம் வாங்கவில்லை. டிஐ பெட்டியும் உறையும் வாங்கிய பிறகு கையில் இரயில் கட்டணம் போகச் சிறிது மீதமும் இருந்தது.

கடந்த ஞாயிறு முதன்முறையாக அதில் வாசித்தேன். ஒரு பாட்டில் ஏழாம் ஃபிரெட்டில் தொடங்கும் மெட்டை, ஆறு ஆண்டுகளாகக் கீபோர்டுக்கு விட்டுக்கொடுத்திருந்ததை, நானே எடுத்தேன். கீபோர்டு அண்ணன் விரல்களை எடுத்துவிட்டு அந்த எட்டு அட்சரமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியாக மரத்தூள் ஐயாவிடம் ஒரு கேள்வி. குழுவில் எட்டாம் வகுப்புப் படிக்கும் வலக்கைப் பையன் ஒருவன் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறான். என் பழைய கிதாரைத் திரும்ப வலக்கை வரிசையில் தந்தி மாற்றி அவனுக்குக் கொடுக்க நினைக்கிறேன். நட்டையும் மாற்ற வேண்டுமா?

மரத்தூள்:

மகிழ்ச்சி நண்பரே. தாள் செருகியதைத் தவிர நீங்கள் அந்த நட்டில் அரம் வைக்கவில்லை என்றால் பழைய பள்ளங்களே போதும், தந்திகள் தத்தம் இடத்துக்குத் திரும்பிவிடும். தடித்த தந்தியை நுழைப்பதற்காக மெல்லிய பள்ளத்தை அரத்தால் அகலப்படுத்தியிருந்தால் மட்டும் புது நட் வேண்டும். பையன் சிறுவன் என்பதால் 12 அளவுத் தந்திக்குப் பதிலாக 11 அளவைப் பூட்டுங்கள், விரலுக்கு இதமாக இருக்கும். நட்டைப் படமெடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். உங்கள் தங்கை வைத்த நகப்பூச்சுப் புள்ளிகள் அவனுக்குக் கீழ்ப்பக்கம் போய்விடும், இடைஞ்சல் செய்யாது. அழிக்க வேண்டாம், அழிக்கும் திரவம் கழுத்தின் வார்னிஷையும் கரைத்துவிடும்.